மிஸ் மெரிடனின் முகம்

மிஸ் மெரிடனுக்குச் சிலை வைப்பதென்று தீர்மானம் போட்டு, அழைப்பிதழின் நிறம்கூட முடிவான பிறகுதான், அவருக்கு முகமே இல்லை என்பது கமிட்டிக்குத் தெரிந்தது.

கல்கத்தாவில், பாலிகஞ்ச் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது மெரிடன் பெண்கள் பள்ளி. ஆக்னஸ் மெரிடன் என்கிற ஆங்கிலேயப் பெண்மணி தொடங்கியது. இது நூற்றைம்பதாவது வருடம். பழைய அலமாரிகளை எல்லாம் குடைந்து பார்த்தார்கள். கடிதங்கள் இருந்தன, அரசாங்கத்துக்குப் போட்ட மனுக்களின் நகல்கள் இருந்தன, அவர் குடையைப் பழுது பார்த்த கடைக்காரனின் சீட்டுக்கூட இருந்தது. ஒரு புகைப்படம், ஒரு ஓவியம், போகிற போக்கில் யாரோ பென்சிலால் கிறுக்கியது, எதுவும் இல்லை. பள்ளிச் செயலாளர் சான்யால் பாபு ஓய்வு பெற்ற வக்கீல். முகம் தெரியாவிட்டால் என்ன, குமார்டுலியில் களிமண் சிலை செய்கிறவர்கள் துர்க்கையை நேரில் பார்த்தா செய்கிறார்கள் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

அந்தக் கடிதங்கள் அடங்கிய கோப்பை எடுத்துக்கொண்டு குமார்டுலிக்குப் போய்வரும் வேலை சத்யப்ரியாவுக்கு வந்தது. அந்த மாதிரி வேலையெல்லாம் அவளுக்குத்தான் வரும். பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாள். அவள் வாயிலிருந்து முடியாது என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அப்பா துறைமுக ஊழியர் என்பதால் கிதிர்பூரில் வளர்ந்தவள். கணவர் செந்தில்நாதன் சாந்த்ராகாச்சி யார்டில் எஞ்சினியர். ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. மகள் மதுவந்தி கல்லூரியில் இரண்டாம் வருடம். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று ஒரு நாளைக்கு மூன்று முறை நாக்கை மாற்றிப் போட்டுக்கொண்டு, எந்த மொழியிலும் அதிகம் பேசாமல் வாழப் பழகியிருந்தாள்.

நவம்பர் மாதச் சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. உள்ளூர் ரயிலில் ஹவுராவுக்கு வந்து, அங்கிருந்து சோபாபஜார் துறைக்குப் படகு ஏறினாள். ஆற்றின் மேல் பனி இன்னும் கலையவில்லை. பாலத்தின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. கீழ்ப்பாதி எங்கோ போயிருந்தது. மடியில் கோப்பை வைத்துக்கொண்டு அவள் ஒரு கடிதத்தைப் பிரித்தாள். இத்தனை வருடம் அலமாரிச் சாவியை வைத்திருந்தவள், அதன் உள்ளே இருந்ததை ஒரு வரிகூடப் படித்ததில்லை. படகு கரை சேர்ந்ததும் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் வாங்குபவர் வந்து தோளைத் தொட்டார்.

சிலை செய்பவர் ஜோத்ஸ்னா பால். அறுபதைத் தாண்டிய பெண்மணி. தந்தைக்குப் பிறகு பட்டறையைத் தானே நடத்துகிறவர். தீதி என்றால் அக்கா; அதனால் எல்லாருக்கும் அவர் ஜோத்ஸ்னாதி. பூஜைக் காலம் முடிந்து சந்து ஓய்ந்திருந்தது. பாதி முடிந்த சரஸ்வதிகள் தலையில்லாமல் சுவரோரம் நின்றார்கள். ஜோத்ஸ்னாதி கையைத் துடைத்துக்கொண்டு, ஆங்கிலம் தனக்கு வராது, வாசித்துச் சொல்லுங்கள் தீதி என்றார். சத்யப்ரியா ஒவ்வொரு கடிதமாக எடுத்து வங்காளத்தில் சொன்னாள். முகத்தைப் பற்றி எழுதியிருந்தது ஒரே ஒரு கடிதத்தில்தான். மிஸ் மெரிடனின் தோழி ஒருத்தி இங்கிலாந்தில் இருக்கும் தன் தங்கைக்கு எழுதியது. ஆக்னஸுக்கு மூக்கு நீளம், அதைச் சொல்லி அவளே சிரிப்பாள். யாராவது பேசினால் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொள்வாள். பேசுகிறவர் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள்.

வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது ஜோத்ஸ்னாதி கண் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீதி, நான் பேசினப்போ நீங்க தலையை எந்தப் பக்கம் சாய்ச்சீங்க, தெரியுமா?" என்றார்.

சத்யப்ரியாவுக்குத் தெரியவில்லை. கை தானாக மூக்குக்குப் போனது. பள்ளிக்கூட நாட்களில் கிளி என்று கூப்பிடுவார்கள். சிலைக்கு மாதிரியாக ஆறு சனிக்கிழமை வந்து உட்கார முடியுமா என்று ஜோத்ஸ்னாதி கேட்டார். வழக்கம்போல அவள் சரி என்றாள்.

வீட்டில் சொன்னபோது செந்தில்நாதன் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "சிலைக்கு உக்காரப் போறியா? ஆபீஸ்ல சொல்லிட்டியா?"

"சொல்லலை. அவங்க முகம்தானே கேட்டாங்க, யார் முகம்னு கேக்கலை."

மதுவந்திக்கு ஒரே குதூகலம். "ஒரு மேம்சாஹேபுக்கு என் அம்மா மூக்கா? தாருண்! பிரமாதம்!" என்று வங்காளத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொல்லி, தோழிகளுக்குச் செய்தி அனுப்பப் போனவளைச் சத்யப்ரியா தடுத்துவிட்டாள். என்னவோ, அது தன்னிடமே இருக்கட்டும் என்று தோன்றியது.

சும்மா உட்கார்ந்திருப்பது என்றால் என்னவென்று அந்தச் சனிக்கிழமைகளில்தான் அவள் தெரிந்துகொண்டாள். ஒரு பலகை, முதுகுக்கு ஒரு தலையணை, பக்கத்தில் மண் குவளையில் தேநீர். கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக வெயில் ஒரு நூல்போல் இறங்கி, மதியத்துக்கு மேல் மெல்ல மெல்ல அவள் மடிக்கு வரும். ஈரக் களிமண்ணில் மூங்கில் குச்சி ஓடும் சத்தம், ஆற்றில் எங்கோ படகின் ஊதல். அரை மணியில் உடம்பு மரத்துப்போகும். பிறகு உடம்பே இல்லாததுபோல ஆகிவிடும். அப்போது மிஸ் மெரிடன் வருவார்.

கடிதங்களில் படித்ததுதான். ஆனால் அந்த அரைத்தூக்கத்தில் அவை கடிதங்களாக இருப்பதில்லை. நார்விச் என்ற ஊரில் ஒரு செருப்புத் தைப்பவரின் கடை, தோல் வாசனைக்கு நடுவில் படித்துக்கொண்டிருக்கும் ஒரு நீள மூக்குச் சிறுமி. பிறகு கப்பல். இருபத்தாறு வயதில் கல்கத்தாவில் ஒரு வியாபாரி வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்தார். ஒரு நாள் காலையில் வண்டியில் போகும்போது, ஒரு பெண்ணை இரண்டு போலீஸ்காரர்கள் கையைப் பிடித்து இழுத்துப் போவதைப் பார்த்தார். அந்தப் பெண் கத்தவில்லை. அவிழ்ந்த கொண்டையை ஒரு கையால் முடிய முயன்றுகொண்டே போனாள். யார் அவள் என்று வீட்டு எஜமானியிடம் கேட்டார். கண்ணியமான பெண்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை என்று பதில் வந்தது.

அப்போது ஒரு சட்டம் இருந்தது. உடலை விற்றுப் பிழைக்கும் பெண்கள் போலீஸில் பெயர் பதிந்து சீட்டு வாங்க வேண்டும். குறித்த நாளில் மருத்துவமனைக்குப் போய் உடம்பைக் காட்ட வேண்டும். வராதவளுக்கு ஜெயில். சிப்பாய்களுக்கு நோய் வரக் கூடாதென்று போட்ட சட்டம். அந்தப் பெண்களிடம் விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. மிஸ் மெரிடன் வியாபாரி வீட்டு வேலையை விட்டார். வடக்குக் கல்கத்தாவில் இரண்டு அறை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒரு முக்காலியையும் குடையையும் தூக்கிக்கொண்டு போய் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்தார். உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் எழுதினார். வெளியே வரும்போது நேரத்தையும், அவள் எப்படி நடந்து வந்தாள் என்பதையும் எழுதினார். அந்த நோட்டுகளிலிருந்துதான் மனுக்கள் பிறந்தன. ஆங்கிலப் பத்திரிகை ஒன்று அவரைக் குடைக்கு மூக்கு முளைத்ததுபோலக் கேலிச் சித்திரம் போட்டது. அதன்பின் யார் கையிலும் தன் உருவத்தைக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார். வருடங்கள் ஓடின. கடைசியில் சட்டம் போனது. நடுவில், அந்தப் பெண்களின் மகள்களில் பதினோரு பேரைத் தன் இரண்டு அறையில் உட்கார வைத்து அகரம் சொல்லிக்கொடுத்திருந்தார். அதுதான் பள்ளி.

சத்யப்ரியாவின் கனவில் அந்த வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. பழுப்புக் குடைக்குக் கீழே மிஸ் மெரிடன் எழுதிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற ஒருத்தி, என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். உன் பெயரைத்தான், உள்ளே போகும்போது உன்னிடம் இருந்தது, வெளியே வரும்போதும் இருக்க வேண்டுமில்லையா என்றார் மிஸ் மெரிடன். இதைக் கோப்பில் படித்தோமா, தானாகக் கண்டோமா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் சத்யப்ரியாவுக்குப் பிடிபடவில்லை. வேப்பமரமும் அப்படித்தான்.

நான்காவது சனிக்கிழமை அவள் கண் விழித்தபோது எதிரில் ஒரு வயதான பெண் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். ஜோத்ஸ்னாதியின் சிநேகிதி, பெயர் பாருல். பக்கத்துச் சந்துகளில், அந்தத் தொழில் நடக்கும் தெருவில் ஐம்பது வருடமாக இருப்பவள். துர்க்கை சிலைக்கு அந்த வீடுகளின் வாசல் மண்ணைக் கேட்டு வாங்கிச் சேர்ப்பது வழக்கம். சில வருடமாகப் பாருலும் மற்றவர்களும் மண் தருவதில்லை. வருடத்தில் பூஜை நடக்கிற ஐந்து நாள் மட்டும் எங்கள் வாசல் புனிதமா என்று கேட்டதாக ஜோத்ஸ்னாதி சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை.

பாருல் களிமண் முகத்தையும் சத்யப்ரியாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் இந்த வெள்ளைக்காரி என்று கேட்டாள். சத்யப்ரியா சொல்லத் தொடங்கினாள். முக்காலியை, குடையை, நோட்டை, பதினோரு சிறுமிகளை. அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். பாருல் பொரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். சத்யப்ரியா சொல்லி முடிப்பதற்குள் வெயில் நூல் சுவருக்குப் போய்விட்டது.

"இதையெல்லாம் சிலைக்குக் கீழே எழுதுவீங்களா?" என்றாள்.

"எழுதுவோம்," என்றாள் சத்யப்ரியா.

சொன்ன பிறகுதான், எழுதுவது தன் கையில் இல்லை என்பது உறைத்தது.

பிப்ரவரியில் கல்வெட்டு வாசகம் முடிவாகும் கூட்டம் வந்தது. வாசகத்தைத் தயாரித்துத் தரும்படி சத்யப்ரியாவிடமே சொல்லியிருந்தார்கள். நான்கு வரி எழுதியிருந்தாள். சான்யால் பாபு அதைப் படித்து, சிவப்புப் பேனாவால், மருத்துவமனை வாசலைப் பற்றிய நடு இரண்டு வரியை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார். மிச்சம் நின்றது 'கல்வியாளர், பெண் கல்வியின் முன்னோடி' என்பது மட்டும். முந்தின நாள் வீட்டில் அதைக் காட்டியபோது செந்தில்நாதன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு உனக்கு. யோசிச்சுக்கோ." சற்றுப் பொறுத்து, "நான் வேண்டாம்னு சொல்லலை," என்றார்.

கூட்டம் நடந்தது நூலகத்தில். ஏழு உறுப்பினர்கள், தலைமையாசிரியை, குறிப்பெடுக்கச் சத்யப்ரியா. மேசை நடுவில் சிலையின் பெரிய புகைப்படம். களிமண்ணில் முடித்து, ஃபைபரில் வார்த்து, வெண்கல நிறம் பூசியாகிவிட்டது. என்ன கம்பீரம், பார்த்தாலே அந்தக் காலத்துப் பெண்மணி என்று தெரிகிறதே என்று எல்லாரும் ரசித்தார்கள். பிறகு சான்யால் பாபு வாசகத்தைப் படித்தார். ஏதாவது ஆட்சேபணை உண்டா என்று வழக்கத்துக்காகக் கேட்டார்.

ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் கயிறு தாண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை கேட்டது. அந்த எண்ணிக்கைக்கு நடுவில் ஒரு குரல், அந்த இரண்டு வரியும் இருக்க வேண்டும் என்று சொல்லிற்று. தன்னுடைய குரல்தான் என்று சத்யப்ரியாவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

சான்யால் பாபு கோபிக்கவில்லை. பொறுமையாகவே விளக்கினார். இது பெண்கள் பள்ளி, ஆறு வயதுக் குழந்தைகள் படிக்கிறார்கள். வாசலில் நுழைந்ததும் அந்த வார்த்தைகளைப் பார்த்தால் பெற்றோர் என்ன நினைப்பார்கள்? பள்ளி தொடங்கியதே அந்த மாதிரிப் பெண்களின் பிள்ளைகளுக்காக என்று தெரிந்தால்? மிசஸ் செந்தில்நாதனும் ஒரு பெண்ணின் தாய்தானே.

"அப்படின்னா முகத்தை மாத்திடச் சொல்லுங்க," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"அது என் முகம். ஆறு வாரம் நான்தான் போய் உக்காந்தேன். என்கிட்ட கேட்டாங்க, நான் சம்மதிச்சேன். அந்தம்மாவோட முழு வாழ்க்கைக்குத்தான் குடுத்தேன், பாதிக்கு இல்லை. பாதியை அழிக்கறதா இருந்தா என் முகத்தை எடுத்துடுங்க."

ஏழு பேரும் புகைப்படத்தைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவர்களில் பலர் அவளை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவள் தலையை நிமிர்த்தியே வைத்திருந்தாள்.

தலைமையாசிரியை எழுந்து போய், முதல் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வந்தார். பூச்சி அரித்த நீளப் புத்தகம். முதல் பக்கத்தை விரித்து, குரலில் எந்த ஏற்றமும் இல்லாமல் பதினோரு பெயர்களைப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு தாயின் பெயர். தந்தை என்ற கட்டம் பதினோரு வரியிலும் காலி. படித்துவிட்டு, இந்தப் பதிவேட்டு வரிசையில்தான் என் பெயரும் இருக்கிறது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தோராம் வருடத்துப் புத்தகத்தில் என்றார். சான்யால் பாபு ஒரு வாரம் அவகாசம் கேட்டார். கூட்டம் கலைந்தது.

அந்த வாரம் சத்யப்ரியா பஞ்சில் நடப்பதுபோல நடந்தாள். வேலை போய்விடும் என்று ஒரு பக்கம் நினைத்தாள். போனால் என்ன செய்வோம் என்று யோசிக்கப் போனால், யோசனை ஆற்றின் பக்கம் திரும்பிவிடும். பேருந்தில் உட்கார்ந்தால் அது படகாகிவிடும். எதிரே வரும் பெண்களின் பெயர் என்னவாக இருக்கும் என்று ஒவ்வொருத்தியைப் பார்க்கும்போதும் நினைத்தாள். பயம் என்று தனியாக ஒன்று இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தாள். கைக்கு அகப்படவில்லை.

எட்டாம் நாள் சான்யால் பாபு கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேசைமேல் அந்தக் கோப்பு இருந்தது. பக்கங்களுக்கு நடுவே காகிதத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. உட்காரச் சொன்னார்.

"பதினெட்டு வருஷமா இங்கே செக்ரெட்டரி. நான் இதைப் படிச்சதே இல்லை," என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "மூணு நாள் படிச்சேன். மனு எழுதறதுக்கு அந்தம்மா வக்கீல் யாரையும் வச்சுக்கலை, தெரியுமா? எல்லாம் அவங்க கையெழுத்து. நான் அப்படி ஒண்ணுகூட எழுதினதில்லை."

வாசகத்தை அவரே மறுபடி எழுதியிருந்தார். சத்யப்ரியா எழுதியதைவிடச் சின்னது, நேரானது. 'சட்டம் அவமதித்த பெண்களோடு மருத்துவமனை வாசலில் அமர்ந்தார். அவர்களுடைய மகள்களுக்காக இப்பள்ளியைத் தொடங்கினார்.' ஒரு சொல் மட்டும் சேர்க்கலாமா என்று சத்யப்ரியா கேட்டாள். அவர்களுடைய மகள்களுக்காக என்பதை, அவர்களுடைய பதினோரு மகள்களுக்காக என்று. அவர் பேனாவை எடுத்துச் சேர்த்துக்கொண்டார்.

மார்ச்சில் ஒரு பிற்பகல் சிலையைத் திறந்தார்கள். பெற்றோரில் சிலர் முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் கடிதம் எழுதினார்கள். யாரும் பிள்ளையை நிறுத்தவில்லை. பாருலுக்கும் அழைப்பு போயிருந்தது. வந்தாள். வெளுத்த பச்சைப் புடவை கட்டி, ஜோத்ஸ்னாதியின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். எல்லாரும் சிற்றுண்டிக்குப் போன பிறகு கல்வெட்டுக்கு அருகில் போய், எழுத்துகளை விரலால் தடவினாள். படிக்கத் தெரியாது என்று சொல்லிச் சத்யப்ரியாவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தாள். இன்னொரு தடவை என்றாள். இன்னொரு தடவையும் வாசித்தாள்.

திரும்பும்போது செந்தில்நாதனும் கூட இருந்தார். விழாவுக்காக யார்டில் அரை நாள் விடுப்பு போட்டிருந்தார். ஹவுராவில் உள்ளூர் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பெட்டியில் வேர்க்கடலை விற்றவனிடம் ஒரு பொட்டலம் வாங்கி, உரித்து உரித்து அவள் கையில் வைத்தார். முதல் நிறுத்தமான டிக்கியாபாடா தாண்டுமுன் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். சாந்த்ராகாச்சிக்கு வெளியே சிக்னல் விழாமல் ரயில் நின்றது. நிலக்கரி வண்டி ஒன்று உள்ளே நுழைகிறது, குறைந்தது இருபது நிமிடம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்து அலுத்துக்கொண்டார்கள். மாலை வெயில் தண்டவாளங்கள் மேல் நீளமாகக் கிடந்தது. அவள் தலை சாய்ந்திருந்த தோளை அசைக்காமல் செந்தில்நாதன் உட்கார்ந்திருந்தார்.